சின்னச் சாமியும் பெரிய சாமியும்: திண்டுக்கல் சமவெளியில் குருப் பயிற்சி பற்றிச் சில குறிப்புகள்

1

எங்கள் பக்கத்தில் புதுப்பூசை என்றால் கல்யாணத்தைவிடப் பெரிய காரியம். சிலுவத்தூர், மாரம்பாடி, பஞ்சம்பட்டி, வெள்ளோடு என்று திண்டுக்கல்லிலிருந்து எந்தத் திக்கில் போனாலும் கோயில் உச்சியில் சிலுவை தெரிகிற ஊர்கள் இருக்கின்றன. அப்படி ஓர் ஊரில் ஒரு பையன் குருப்பட்டம் வாங்கிவிட்டால் அவனது முதல் பூசை சொந்த ஊர்க் கோயிலில்தான். ஊர் எல்லையிலேயே மாலை, மேளம், வெடி. பூசை முடிந்ததும் புதுச் சாமியார் பீடத்தின் முன்னால் ஒரு நாற்காலியில் உட்காருவார். ஆயர் எண்ணெய் பூசிய அவரது உள்ளங்கைகளை ஊர் வரிசையில் வந்து முத்தி செய்யும். முதலில் வருபவர்கள் பெற்றவர்கள்.

நான் பார்த்த ஒரு புதுப்பூசையில், மகன் முன்னால் மண்டியிட்டு எழுந்து வந்த தாய் எங்கள் அத்தையிடம் சொன்னார்: 'நேத்து வரைக்கும் வாடா போடான்னு கூப்புட்டேன். இனிமே சாமின்னு கூப்புடணுமாம். வாய்ல வர மாட்டேங்குது அண்ணி.' அத்தை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மகனைத் தாயின் வாயிலிருந்தே பிடுங்கி வேறொரு சொல்லுக்குள் வைத்துவிடுகிற இந்தக் காரியம் எப்படி நடக்கிறது என்கிற கேள்வி அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

சடங்கு ஒரு நாளில் முடிந்துவிடும். குப்புற விழுந்து கிடத்தல், புனிதர் மன்றாட்டு, ஆயர் தலைமேல் கை வைத்தல், கீழ்ப்படிதல் வாக்கு, உள்ளங்கையில் எண்ணெய். ஆனால் ஆளை மாற்றுவது சடங்கு அல்ல, அதற்கு முந்தைய ஒன்பது பத்து வருஷப் பயிற்சி. யேசு சபையில் இன்னும் கூடுதல். அந்தப் பயிற்சிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் எங்கள் சமவெளிக்கும் ஒரு இடம் இருக்கிறது. யேசு சபையின் மதுரை மாநிலத்துக்காரர்கள் துறவு வாழ்வின் முதல் இரண்டு வருஷத்தைக் கழித்த நவதுறவகம் திண்டுக்கல்லில்தான். அதன் பெயர் பெஸ்கி கல்லூரி. அந்தப் பெயரிலிருந்தே தொடங்கலாம்.

2

எம்.ஏ. தமிழில் எனக்குப் பெஸ்கியை, அதாவது வீரமாமுனிவரை, சொல்லிக்கொடுத்தார்கள். தேம்பாவணி, தொன்னூல் விளக்கம், சதுரகராதி, எழுத்துச் சீர்திருத்தம், பரமார்த்த குருவின் கதை. அவர் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூல் பட்டியலில் ஒரு பெயராக வந்து போனது. யாருக்காக எழுதியது, எதற்காக எழுதியது என்று யாரும் கேட்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்ட அந்த நூல், வேதியர் எனப்பட்ட உபதேசிமார்களுக்கான கைநூல். தமிழில் ஒரு மதப் பணியாளனை எப்படித் தயாரிப்பது என்று யோசித்த முதல் உரைநடைகளில் ஒன்று. தமிழ்த்துறைக்கு அது இலக்கியமாகத் தெரியவில்லை. திருச்சபைக்கு அது பழைய பக்தி நூலாகப் போய்விட்டது.

இந்த நூல் ஏன் தேவைப்பட்டது? மதுரை மிஷன் என்று நாம் படிக்கிற வரலாற்றில் முன்னால் நிற்பவர்கள் ஐரோப்பியத் துறவிகள். 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி உயர்சாதியினருக்கான சந்நியாசியாகத் தன்னை ஆக்கிக்கொண்டார். 1640ல் பல்தசார் த கோஸ்தா பண்டாரசாமி வேடம் பூண்டு மற்றச் சாதிகளிடம் போனார். வேதத்தைப் போதிக்க வந்தவர்கள் முதலில் சாதியைப் படித்துக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பயிற்சி என்பதன் முதல் பாடமே எந்தச் சாதிக்கு எந்தச் சாமி என்பதாக இருந்தது.

ஆனால் எண்ணிப் பாருங்கள். ஒரு சாமியார் ஒரு ஊருக்கு வருஷத்தில் ஒரு தடவை, இரண்டு தடவை வருவார். பஞ்சமும் படையெடுப்பும் வந்தால் அதுவும் இல்லை. மீதி நாள் முழுக்க மந்திரம் சொல்லிக்கொடுத்தது, சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்தது, அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்தது, கல்யாணத் தகராற்றைத் தீர்த்தது எல்லாம் உபதேசியார்தான். 1773ல் ரோமாபுரி யேசு சபையைக் கலைத்தபோது இந்தச் சமவெளியில் வேதம் முற்றாக அழிந்துபோகாமல் இருந்ததற்கு முக்கியக் காரணம் இந்த மனிதர்கள். பட்டம் வாங்காதவர்கள். அதனால் வரலாற்றில் பெயர் வாங்காதவர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேதியருக்கு ஒழுக்கம் எழுதிய அதே கைதான் பரமார்த்த குருவையும் அவரது ஐந்து சீடர்களையும் எழுதியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். குரு முட்டாளாக இருந்தால் சீடர்கள் எப்படி இருப்பார்கள் என்பதைத் தெரிந்து வைத்திருந்தவர் பெஸ்கி. இரண்டு நூல்களையும் சேர்த்து வைத்துப் படித்தால் ஒன்று பயிற்சியின் கனவாகவும் மற்றொன்று அதன் பயமாகவும் தெரிகிறது. நம் தமிழ்த்துறைகள் கேலியைப் பாடமாக்கின, கனவைக் கிடப்பில் போட்டன.

3

1838ல் பிரெஞ்சு யேசு சபையினர் மதுரை மிஷனை மறுபடி தொடங்கினார்கள். வந்தவர்களில் பலர் காலராவில் இளவயதிலேயே செத்துப்போனார்கள். அவர்கள் வந்தபோது இங்கே கோவாவிலிருந்து வந்த பதுரவாதோ குருக்கள் இருந்தார்கள். கோயில் யாருக்கு, சாவி யாரிடம் என்று பல ஊர்களில் அரை நூற்றாண்டு சண்டை. அந்தச் சண்டையில் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்த முக்கியமான ஆயுதம், கோவாக் குருக்களுக்குச் சரியான படிப்பு இல்லை என்பது. இது உண்மையா பொய்யா என்பது இங்கே முக்கியமில்லை. 'பயிற்சி பெற்றவர்', 'பயிற்சி பெறாதவர்' என்கிற பிரிவினை ஒரு கல்வி அளவுகோலாக மட்டும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது அதிகாரத்தின் அளவுகோலும்கூட என்பதுதான் முக்கியம்.

உள்ளூர்க் குருக்களை உருவாக்க வேண்டும் என்பதை 1844ல் நடந்த புதுச்சேரி ஆயர் மன்றம் வலியுறுத்தியது. அடுத்த வருஷமே ரோமாபுரியும் அதை வழிமொழிந்து அறிவுறுத்தல் விடுத்தது. சரி, உருவாக்கினார்கள். எதற்காக? வெள்ளைச் சாமிக்கு உதவியாக. 1919ல் பதினைந்தாம் பெனடிக்ட் 'மாக்சிமும் இல்லூட்' என்ற மடலில், சுதேசிக் குருக்களை அன்னியக் குருக்களுக்குக் கையாளாக மட்டும் பழக்கக் கூடாது, முழுப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாக எழுத வேண்டியிருந்தது. ஒரு பாப்பரசர் இப்படி எழுதுகிறார் என்றால் அதுவரை நடந்தது என்ன என்று புரிந்துகொள்ளலாம். அதற்கு நான்கு வருஷம் கழித்து, 1923ல், தூத்துக்குடிக்குத் திபூர்சியுஸ் ரோச் ஆயரானார்.

வெள்ளைச் சாமி போய்விட்டார். ஆனால் 'உதவி' என்கிற அந்த இடம் போகவில்லை. இன்றைக்குப் பட்டம் வாங்கிய புதுக் குருவின் முதல் வேலை உதவிப் பங்குத்தந்தை. எங்கள் ஊர்ப் பேச்சில் சின்னச் சாமி. பங்குத்தந்தை பெரிய சாமி. சின்னச் சாமிக்கு மோட்டார் சைக்கிள், காலை முதல் பூசை, கிளைக் கிராமங்கள், இளைஞர் இயக்கம், பீடச் சிறுவர்கள், அன்பியக் கூட்டம். பெரிய சாமிக்குக் கணக்கு, சாவி, ஊர்ப் பெரியவர்கள். 1983ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு உதவிப் பங்குத்தந்தையைப் பங்குத்தந்தையின் உடன் உழைப்பாளர் என்கிறது. அதே தொகுப்பு, நியாயமான காரணம் இருந்தால் ஆயர் அவரை எடுத்துவிடலாம் என்றும் சொல்கிறது. பங்குத்தந்தையை எடுக்க நீண்ட நடைமுறை உண்டு. சின்னச் சாமிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இந்த வித்தியாசம் ஒரு சட்ட நுணுக்கம் மாதிரித் தெரியும். அது எங்கள் தெருவில் என்ன செய்தது என்று பின்னால் சொல்கிறேன்.

4

குருமடம் என்கிற நிறுவனமே ஒப்பீட்டளவில் பிந்தியது. 1563ல் திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் குருமடம் வேண்டும் என்று ஆணையிட்டது. அதற்கு முன் பெரும்பாலோர் ஒரு குருவின் கூட இருந்து தொழில் பழகினார்கள், நம்ம ஊரில் கொத்தனாரிடம் சித்தாள் பழகுவதைப் போல. அதே திரெந்துதான் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. 1614ல் வந்த ரோமைச் சடங்கு நூல் 'ஆன்மாக்களின் நிலை' என்று குடும்பவாரியான பதிவேட்டைக் கேட்டது. குருமடமும் பதிவேடும் ஒரே காலத்துச் சரக்குகள். ஃபூக்கோ 1978 விரிவுரைகளில் பேசிய மேய்ப்பதிகாரம் என்பதை நம் பங்குகளில் சென்று பார்க்கலாம். மந்தை முழுவதையும், ஒவ்வொரு ஆட்டையும், தனித்தனியாகத் தெரிந்து வைத்திருக்கிற அதிகாரம் அது. புதுச் சாமி வீடு சந்திக்க வருகிறபோது கையில் இருக்கிற குடும்ப அட்டை அதன் கடைசி வாரிசு.

ஆனால் பிறரை மேய்ப்பதற்கு முன் அவனே மேய்க்கப்படுகிறான். மணி அடித்தால் எழுவது, மணி அடித்தால் மௌனம், யாரோடும் தனி நட்பு கூடாது, ஒவ்வொரு நாளும் மனச்சான்றைச் சோதித்து எழுதுவது. நவதுறவகத்தில் இஞ்ஞாசியார் வகுத்த பரிசோதனைகள் உண்டு. முப்பது நாள் தியானம், மருத்துவமனைப் பணி, காசில்லாத யாத்திரை, கீழ்நிலை வேலைகள், சிறுவர்க்கு ஞானோபதேசம். காசில்லாமல் நடப்பதையும் கக்கூஸ் கழுவுவதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம்முடைய பல்கலைக்கழகங்கள் எதுவும் ஒரு மாணவனைக் கையில் காசில்லாமல் தெருவில் நிறுத்தியதில்லை. ஆனால் பரிசோதனை முடிந்து திரும்பி வருவதற்கு ஒரு வீடு இருக்கிறது என்று தெரிந்தவனின் வறுமையும், எங்கள் அப்பா தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற வறுமையும் ஒன்றல்ல. ஒன்று பயிற்சி. இன்னொன்று பிழைப்பு.

மொழிக்கு வருவோம். 1960களின் நடுப்பகுதி வரை பூசை லத்தீனில். குருமடப் பாடமும் லத்தீன், பிறகு ஆங்கிலம். தமிழ்ப் பையன் ஒருவன் தமிழ் மக்களுக்குப் பணி செய்யத் தயாராகும்போது தமிழைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. இதற்குத் தனிநாயகம் அடிகளைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. 1938ல் ரோமாபுரியில் குருப்பட்டம் பெற்றவர். பல ஐரோப்பிய மொழிகள் தெரியும். தமிழை முறையாகப் படித்தது அதற்கப்புறம் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, ஒரு பண்டிதரிடம். பின்பு 1945ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவரிடம், அவர் பெற்ற குருப்பயிற்சி தமிழைக் கொடுத்திருக்கவில்லை. அவரே தேடி எடுத்துக்கொண்டார். பெருமைப்படுகிற நாம் இந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

5

'அழைத்தல்' என்றொரு சொல் இருக்கிறது. கடவுள் கூப்பிடுகிறார், பையன் கேட்கிறான், போகிறான். ஆனால் கூப்பிட்டது கடவுள்தானா என்பதைச் சரிபார்ப்பது மனிதர்கள். என் பெரியப்பா மகன் ஒரு குருமடத்தில் ஆறு வருஷம் இருந்தான். இறையியல் முதல் வருஷத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டான். கடிதத்தில் ஒரே வரி, அழைத்தல் இல்லை என்று. பெரியம்மா அந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்து, 'நல்லாப் படிச்சிப் பாருப்பா, வேற எதுவும் எழுதியிருக்கானு' என்றார். வேறு எதுவும் இல்லை. ஒரு காலனிப் பையனின் நடை, பேச்சு, கோபம், சாப்பிடும் விதம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் வைத்து மூடப்பட்டிருந்தன. எங்கள் ஊரில் அவனைப் போன்றவர்களுக்குப் பெயரே 'செமினரில இருந்து வந்தவன்'. சாமியும் இல்லை, சம்சாரியும் இல்லை என்கிற மாதிரி ஒரு பார்வை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கோயிலையே பிளந்து கட்டியதை அறிவோம். 1990ஐ ஒட்டித் தமிழகத்தில் தலித் கிறிஸ்தவர்கள் தெருவுக்கு வந்து போராடியபோது கல்லறைச் சுவர்களோடு குருமடக் கதவுகளும் கேள்விக்கு உள்ளாயின. தமிழக ஆயர் பேரவை பத்து அம்சத் திட்டத்தை அறிவித்தது. 1992ல் பாமாவின் 'கருக்கு' வந்தது. கன்னியர் மடத்தின் பயிற்சி ஒரு தலித் பெண்ணை என்ன செய்கிறது என்று உள்ளிருந்து வெளியே வந்தவர் எழுதிய பிரதி அது. நாம் அதைத் தலித் இலக்கியம் என்று வாசித்தோம், சரிதான். ஆனால் துறவுப் பயிற்சியின் மீதான ஒரு விமர்சன ஆவணமாகவும் அதை வாசிக்க வேண்டும். 2008ல் எறையூரில் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே நடந்த சாதி மோதல் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்களோடு முடிந்தது. 2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை ஆவணம், 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், தலைமையில் அவர்கள் மிகக் குறைவு என்றும் ஒப்புக்கொண்டது. ஒரு தலித், ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, கர்தினாலாக 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது எங்கள் தெருக் கதை. 2003ல் திருச்சியிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மறைமாவட்டமானது. அதற்குச் சில வருஷம் கழித்து எங்கள் பங்குக்கு ஒரு சின்னச் சாமி வந்தார். புதிதாகப் பட்டம் வாங்கியவர். கையில் எண்ணெய் காயவில்லை என்பார்களே அப்படி. திருவிழாச் சப்பரம் எங்கள் தெருவுக்கு வராது, முக்கில் நின்று திரும்பிவிடும். 'ஏன் திரும்புது?' என்று அவர் கேட்டார். 'தெரு குறுகல் சாமி' என்றார்கள். அவர் ஒரு கயிறு எடுத்து வந்து தெருவையும் சப்பரத்தையும் அளந்தார். தெரு அகலமாகத்தான் இருந்தது. அந்த வருஷம் சப்பரம் எங்கள் தெருவுக்குள் வந்தது. பாட்டிமார் வாசலில் நின்று அழுதார்கள். ஆறு மாதத்தில் அவருக்கு மாற்றல். காரணம் கேட்டவர்களுக்கு, வழக்கமான மாற்றல்தான் என்று பதில் வந்தது. அடுத்த வருஷம் தெரு மறுபடியும் குறுகலாகிவிட்டது.

6

புராட்டஸ்டண்டுப் பக்கம் வேறு அனுபவங்கள் உண்டு. அமெரிக்க மதுரை மிஷன் 1830களிலேயே திண்டுக்கல்லில் நிலையம் வைத்தது. அதன் செமினரி 1842ல் திருமங்கலத்தில் தொடங்கி 1845ல் பசுமலைக்கு வந்தது. 1847ல், எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து உண்ண வேண்டும் என்று மிஷன் கண்டிப்புக் காட்டியபோது மாணவர் பலர் வெளியேறினார்கள். வேதாகமத் தேர்வில் தேறியவர்கள் சோற்றுத் தேர்வில் தோற்றார்கள். நமக்கு வேண்டிய பாடத்திட்டத்தின் முதல் பக்கம் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன், அதை நடத்தியவர்கள் வெள்ளை எசமானர்கள் என்ற சங்கடத்தோடு சேர்த்தே.

அந்தப் பக்கத்தை மறுபடி எழுதிப் பார்த்தது 1969ல் மதுரை அரசரடியில் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி. தமிழிலேயே இறையியல் கற்பித்தது. மாணவர்களை வளாகத்தை விட்டு வெளியே அனுப்பிச் சேரிகளிலும் கிராமங்களிலும் குடியிருக்க வைத்தது. 2005ல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று நாம் அறிந்தவர், அங்கேதான் நாட்டுப்புற இசையில் வழிபாட்டை மாற்றி அமைத்தார். 'ஒரே உலை' என்பது அவரது இறையியல் கருத்து. கூடிப் பொங்கிக் கூடி உண்பதே நற்கருணை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது உடனே புரியும். ஆகஸ்டில் திண்டுக்கல் முத்தழகுபட்டியில் செபஸ்தியார் திருவிழாவில் ஆடும் கோழியும் நேர்ச்சையாக வந்து குவியும். ராத்திரி முழுக்கக் கறிச்சோறு. இறையியல் அந்த அடுப்படியில் தொடங்கலாம். தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்கும் பட்டம் கொடுத்தது. 2013ல் நந்தியாலுக்குப் புஷ்பலலிதா ஆயரானார். கத்தோலிக்கக் குருமடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூட இன்னும் இடமில்லை. ஆனாலும் பட்டம் வாங்கியபின் ஆயர் தேர்தல், சொத்து, சாதிக் கட்சி என்று அந்தச் சபையிலும் போதகர்கள் எங்கே போய் நிற்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நல்ல பயிற்சி மட்டும் போதாது. பயிற்சி பெற்றவன் போய்ச் சேருகிற அமைப்பு அவனை ஒரே வருஷத்தில் திரும்பப் பழக்கிவிடும்.

7

கிராம்ஷி குருமார்களை மரபான அறிவுஜீவிகள் என்றார். தங்களைச் சமூகத்திலிருந்து விலகிய, தொடர்ச்சியான ஒரு தனிக் கூட்டமாக எண்ணிக்கொள்பவர்கள். படிக்கும்போது சாமியார்களை நினைத்துக்கொண்டேன். பிறகு நம்மையும். நாமும் ஒருவகையில் குருமடத்துப் பிள்ளைகள்தான். நமக்கும் லத்தீன் உண்டு, இந்தக் கட்டுரையிலேயே கொஞ்சம் இருக்கிறது. நமக்கும் பெரிய சாமி, சின்னச் சாமி உண்டு. நம் அம்மாக்களும் நம்மிடம் பேசச் சொல் கிடைக்காமல் நிற்கிறார்கள்.

சப்பரம் அளந்த அந்தச் சாமியை எந்தக் குருமடமும் அப்படிப் பழக்கவில்லை. பழக்கியவர் எங்கள் உபதேசியார். எழுபது வயசு, பேரேட்டில் பெயர் இல்லாதவர், மணி அடிப்பவர், குழி வெட்ட ஆள் பிடிப்பவர். வீடு சந்திக்கப் போகும்போது அவர்தான் கூடப் போனார். எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் கடன், எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தால் எந்த வீட்டார் குடிக்க மாட்டார்கள் என்று நடந்துகொண்டே சொல்லிக்கொடுத்தார். கயிறு அவர் வீட்டுக் கயிறு. முந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு குரு உட்கார்ந்து வேதியர்களுக்கு ஒழுக்கம் எழுதினார். இப்போது வேதியர்தான் குருவுக்குப் பாடம் எடுக்கிறார். இதற்கு நூல் இல்லை, பாடவேளை இல்லை, மதிப்பெண் இல்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. பட்டத்துக்கு முன், இவன் தகுதியானவனா என்று ஆயர் சடங்கில் கேட்கிறார். மக்களை விசாரித்தோம், தகுதியானவன் என்று பொறுப்பாளர் பதில் சொல்கிறார். அந்த விசாரணை எந்தத் தெருவில் நடந்தது என்று தெரிய வேண்டும். சின்னச் சாமியின் முதல் வருஷத்தைப் பற்றி எங்கள் தெருவிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மாற்றல் உத்தரவுக்குக் காரணம் எழுத வேண்டும்.

உபதேசியார் போன வருஷம் இறந்துபோனார். அடக்கப் பூசைக்குப் பழைய சின்னச் சாமி எங்கிருந்தோ மோட்டார் சைக்கிளில் வந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. இப்போது அவர் வேறொரு பங்கில் பெரிய சாமி. கல்லறையில் மண் போட்டுவிட்டு வரும்போது தெரு முக்கில் கொஞ்ச நேரம் நின்றார். 'இப்ப சப்பரம் வருதா?' என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். உங்கள் பங்கில் எப்படி சாமி என்று திருப்பிக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வண்டியை எடுத்தார்.